அப்பாவின் குடல், என் குடல், அண்ணனின் குடல்

அப்பா செத்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே, என் அண்ணனைப் பார்த்து "நீதான் கொன்னே" என்று சொன்னேன். வாய் தவறி வந்த சொல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிள்ளான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு மலத்தோடு ரத்தம் போவதை அண்ணனிடம்தான் முதலில் சொன்னார். மகளிடம் சொல்ல வெட்கம். அண்ணன் அதை மூலம் என்று முடிவு கட்டி, காஜாங்கில் நாட்டு மருந்துப் பொடி கொடுக்கும் ஒருவரிடம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தான். எனக்கு விஷயம் தெரிந்ததும், குடலுக்குள் குழாய் விட்டு ஸ்கோப் செய்து பார்க்கலாம் என்றேன். "வயசான மனுசனுக்குப் பின்னால கேமரா விடப் போறியா? மானம் மரியாத வேணாமா?" என்றான். அப்பாவும் அவன் பக்கமே தலையாட்டினார். கடைசியில் குடல் அடைத்து, வயிறு வீங்கி, அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது புற்று கல்லீரல் வரை பரவியிருந்தது.

அண்ணன் காரியங்களை முடித்தான், பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் தன் பாத்திரக் கடைக்குத் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு அவன் வீட்டு விசேஷத்துக்கு நான் போகவில்லை, என் வீட்டுக்கு அவன் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து நான் ஸ்கோப் செய்துகொண்டேன். உடம்பின் மேல் உள்ள அக்கறையால் என்று சொன்னால் பொய். எனக்கு வலியோ ரத்தமோ எதுவும் இல்லை. ஒரு காலைப் பொழுதில் முடிந்துபோகிற இந்தச் சாதாரண விஷயத்தைத்தானே அப்பாவுக்குச் செய்ய விடாமல் தடுத்தான் என்று அவனுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. சொந்தக்காரர்கள் மூலம் செய்தி எப்படியும் அவன் காதுக்குப் போகும்.

டாக்டர் இளைஞர், தமிழர். எடுத்த எடுப்பிலேயே என்னை "ஆன்டி" என்று கூப்பிட்டார். கேள்வி கேட்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பேதிக்குக் கொடுத்த உப்பு மருந்தை முதல் நாள் முழுக்கக் குடித்துக் கக்கூஸே கதியாகக் கிடந்ததில் இன்னும் எரிச்சல். ஆழ்ந்து தூங்க வைக்க வேண்டாம், திரையை நானும் பார்க்க வேண்டும் என்றேன். "சிலருக்குப் பயமா இருக்கும் ஆன்டி" என்றார். "எனக்கு இல்ல" என்றேன்.

மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி என் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரையில் என் குடல், ஈரமான இளஞ்சிவப்புக் குகை மாதிரி, வளைந்து வளைந்து போனது. குழாய் கடைசி வரை போய்த் திரும்பி வரும்போது டாக்டர் அதுவரை பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தினார். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் சளி படிந்திருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் பீய்ச்சிச் சளியைக் கழுவினார். அடியில், சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சற்றே வெளிறிய ஒரு தட்டையான மேடு.

விளக்கின் நிறத்தை மாற்றினார். பிறகு நீலச் சாயத்தைத் தெளித்தார். சாயம் இறங்கியதும் சுற்றியிருந்த தோலில் சின்னச் சின்ன வட்டத் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. மேட்டின் நடுவில் அந்த வரிசை குலைந்துபோயிருந்தது.

"இது சாதாரணமா குடல்ல வளர்ற பொலிப் சதை மாதிரி இல்ல ஆன்டி. நடுவுல பாருங்க, லேசா குழி விழுந்திருக்கு."

"அப்போ கேன்சரா?"

"கண்ணால பாத்து சந்தேகப்படத்தான் முடியும். சொல்ல வேண்டியது லேப்."

மேட்டுக்கு அடியில் ஊசி போட்டு ஏதோ நீரைச் செலுத்தினார். மேடு கொப்புளம் மாதிரி முழுதாக மேலே எழும்பியது. அப்போதுதான் அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஆழமாக வேர் விட்டிருந்தால் இப்படி எழும்பாதாம், அடியோடு ஒட்டிக்கொண்டிருக்குமாம். பிறகு கம்பி வளையத்தை மாட்டி ஒரே துண்டாக அறுத்து எடுத்தார். வெளியே எடுத்த துண்டை ஒரு தக்கையின் மேல் விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தி, மருந்து நீரில் போடுவதற்கு அவரே நேரம் எடுத்துக்கொண்டார்.

"அதுக்கு ஏன் இவ்வளவு அலங்காரம்?" என்று கேட்டேன்.

"சுருண்டு போச்சுன்னா ஓரம் எதுன்னு லேப்ல தெரியாது. ஓரத்துல கெட்ட செல் இருக்கா இல்லயாங்கறதுதான் ஆன்டி பெரிய கேள்வியே."

முடிவு வரும் வரை நான் போர்ட் கிள்ளானில் என் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எந்த லோரி எந்தக் கிடங்குக்கு என்று ஏற்பாடு செய்யும் வேலை. அந்த நாட்களில் என்னிடம் திட்டு வாங்காத டிரைவரே இல்லை. அண்ணனை நினைத்தால் கொதித்தது. காட்டுவதற்காகப் போனேன், எனக்கே இருந்தால் அவன் என்ன நினைப்பான்? அந்த யோசனை, நோயைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

டாக்டர் கூப்பிட்டு, "ஆரம்ப நிலை கேன்சர்" என்றார். இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஆரம்பம்னா எவ்வளவு ஆரம்பம்? காட்டுங்க."

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். துண்டை மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் எடுத்த படம். ஊதாவும் ரோஸும். ஒரு பக்கம் சுரப்பிகள் ஒரே அளவில் அடுக்கி வைத்தாற்போல் நின்றன. மறுபக்கம் ஒன்றோடொன்று முட்டி, கோணல்மாணலாக, கருத்த செல்களால் நிரம்பியிருந்தன. அவற்றுக்குக் கீழே மெல்லிய தசைக் கோடு ஒன்று. டாக்டர் பேனாவால் அந்தக் கோட்டில் ஓர் இடத்தைத் தொட்டார்.

"இந்தக் கோட்டுக்கு மேலயே இருந்திருந்தா நாங்க கேன்சர்னே சொல்லமாட்டோம். தாண்டிருச்சு. ஆனா ஒரு மில்லிமீட்டர் கூட இறங்கல. ரத்தக் குழாய்க்குள்ள போகல. ஓரமெல்லாம் சுத்தம்."

அப்பாவுக்கும் ஒரு காலத்தில் இது இவ்வளவு சின்னதாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டாமல்கூட இருந்திருக்கும். பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில் அது மெதுவாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டர் நான் அழுவதாக நினைத்து டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார். நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள், வேறெங்கும் இல்லை. டாக்டர்கள் கூடிப் பேசி, குடலை வெட்ட வேண்டியதில்லை, அடுத்த வருடம் மறுபடி ஸ்கோப் செய்து பார்த்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். கிளம்பும்போது டாக்டர் கேட்டார்.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒருத்தன் இருக்கான்."

"அப்பாவுக்கும் இருந்திருக்கு, உங்களுக்கும் வந்திருக்கு. அவரு கண்டிப்பா பாத்தாகணும். சொல்லிருங்க."

"நீங்களே ஃபோன் பண்ணி சொல்லுங்க."

"உங்க நோயப் பத்தி நான் வெளிய சொல்லக் கூடாது ஆன்டி. நீங்கதான் சொல்லணும்."

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயிலில் போனேன். கடை வாசலில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஆள் ஒருவர் "வாங்கக்கா, குத்துவிளக்கு பாக்குறீங்களா?" என்றார். கல்லாவிலிருந்து அண்ணன், "அவங்க வாங்க வரல" என்றான்.

"என்னா வேணும்?" என்று என்னைக் கேட்டான்.

"எனக்குக் கேன்சர். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு எடுத்துட்டாங்க."

அவன் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சரி செய்துகொண்டான். "அதையும் நான்தான் கொடுத்தேன்னு சொல்ல வந்தியா?"

"உன்ன ஸ்கோப் பண்ணச் சொல்றாரு டாக்டர்."

"எனக்கு ஒண்ணுமில்ல. நல்லா சாப்புடுறேன், நல்லா தூங்குறேன்."

"எனக்கும் ஒண்ணுமில்லாமத்தான் இருந்துச்சு."

"நீ என் உடம்பப் பாத்து வந்த ஆளு மாதிரி தெரியல. அப்பா விசயத்துல நீ சொன்னதுதான் சரின்னு காட்ட வந்திருக்கே."

"ஆமா. அதுக்குத்தான் வந்தேன். என் மேல உள்ள கோவத்துல பாக்காம சாவணும்னா சாவு. அப்புறம் அண்ணிதான் அவசரப் பிரிவுல உக்காந்திருக்கணும்."

விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஆள் கையை நிறுத்திவிட்டார். அண்ணன் எழுந்து, "வெளிய போ" என்றான். சத்தம் போடவில்லை.

நடைபாதையில் கொஞ்ச தூரம் போனதும் அண்ணி பின்னால் வந்தாள். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். "உங்க வீட்டுக்காரருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவரையே கேளுங்க" என்றேன். அவள் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். ஆஸ்பத்திரியையும் டாக்டர் பெயரையும் சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

பல மாதங்கள் ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு மதியம் அண்ணி ஃபோன் செய்தாள். எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று சொல்லவில்லை. "ரெண்டு பொலிப் எடுத்தாங்க. கேன்சர் இல்ல. சொல்லணும்னு தோணுச்சு" என்று வைத்துவிட்டாள்.

அண்ணனை அதற்குப் பிறகு ரவாங்கில் ஒரு கல்யாணத்தில்தான் பார்த்தேன். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்கு அவனே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"ரெண்டு எடுத்தாங்க."

"தெரியும்."

"விட்டிருந்தா பின்னால அப்படி மாறியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"ஆனா நீ வேலையாளு முன்னால வந்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"அப்பாவுக்குச் செய்ய விட்டிருக்கலாம்ல?"

"அதப் பத்திப் பேச நான் வரல லா" என்றான். எழுந்து போய்விட்டான். நான் கூப்பிடவில்லை.

அடுத்த ஸ்கோப்பில் எனக்கு எதுவும் இல்லை. வெட்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. இப்போது எங்கள் இருவருக்கும் ஒரே டாக்டர்தான். அவனை வரச் சொல்லும் நாளில் என்னை வரச் சொல்ல வேண்டாம் என்று முன்பதிவு செய்யும் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.