இடது கையின் மேல் உட்கார்ந்து ஆடிய ஆட்டம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். தோலை விரித்து, அதன்மேல் வெட்டும் அச்சை வைத்து, இரண்டு பக்கமும் இருக்கும் பட்டன்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். ஒரு கை சும்மா இருந்தால் உள்ளே போய் நசுங்கிவிடும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். செஸ் ஆட உட்கார்ந்தால்தான் அது உயிரை வாங்கும். வலது கை கிளம்பினால் இடது கையும் கூடவே கிளம்பிவிடும்.

போட்டியில் காயை வெட்டும்போது எதிராளியின் காயை எடுப்பதும் நம் காயை வைப்பதும் ஒரே கையால்தான் நடக்க வேண்டும். இரண்டு கை போட்டால் முதல் தடவை எதிராளிக்குக் கூடுதல் நேரம் கொடுப்பார்கள். இன்னொரு தடவை செய்தால் ஆட்டமே போய்விடும்.

போன வருஷம் வேலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டி. கடைசிச் சுற்று. ரேட்டிங், அதாவது செஸ் சங்கம் கொடுக்கும் தர எண், உள்ளவர்களோடு அதுவரை ஆடியதெல்லாம் தோல்வி. அரைப் புள்ளியாவது எடுக்காமல் எனக்கு ரேட்டிங் வராது. ரேட்டிங் இல்லாதவனை அங்கே எவனும் ஆளாகவே மதிப்பதில்லை.

எதிரில் உட்கார்ந்தவர் பிள்ளைகளுக்கு செஸ் கோச்சிங் எடுப்பவர். அசந்து ஒரு சிப்பாயைக் காவலில்லாமல் விட்டார். பார்த்ததும் என் இரண்டு கையும் பாய்ந்துவிட்டன. அவர் உடனே நடுவரைக் கூப்பிட்டார். அந்தம்மா வந்து அவருக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுத்து, எனக்கு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போனார். ஒரு கையால் மறுபடி வெட்டினேன்.

அவர் மெதுவாகச் சிரித்தார். "இன்னாண்ணே, ரெண்டு கையால தூக்கறீங்க? காய் அவ்ளோ வெயிட்டா?"

"உங்க காய்தானே, சார். வெயிட்டு கம்மிதான்."

அதிலிருந்து எதையாவது வெட்டக் கொடுத்துக்கொண்டே இருந்தார். யானைக்கு யானை, குதிரைக்குக் குதிரை. என் கை தப்பு செய்யும் என்று காத்திருக்கிறார். இடது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மரத்துப் போனது. போகட்டும்.

கடைசியில் ராணிகளும் போயின. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும்தான். எனக்கு ஒரு சிப்பாய் அதிகம், அதுவும் அவர் ராஜாவுக்கு எட்டாத ஓரத்தில். ஒரு காய் குறைவாக இருப்பவன் எல்லாவற்றையும் காய்க்குக் காய் வெட்டி மாற்றிக்கொள்ளக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற ஆள். என் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் பலகையைப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தார். பெரிய மனசு பண்ணுவதுபோலக் கையை நீட்டி, டிரா வைத்துக்கொள்ளலாமா என்றார். டிரா என்றால் ஆளுக்கு அரைப் புள்ளி. எனக்கு அதுவே போதும். சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளி ராணியாக மாற்றும்போது கை தவறினால் அந்த அரையும் இல்லை.

"ஆடுங்க, சார்," என்றேன்.

சிப்பாயைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வலது கையால் அதை எடுத்து ஓரமாக வைத்தேன். அதே கையால் ராணியை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்தேன். அதே கையால் கடிகாரத்தை அழுத்தினேன். அவர் தோல்வியை ஒத்துக்கொண்டு முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் ரேட்டிங் வந்தது. கோச்சிங் போகிற பொடிசுகள் வைத்திருப்பதைவிடக் கம்மி. இருக்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை மேல்விஷாரத்தில் போட்டி. அந்தப் பொடிசுகளோடும் ஆடத்தான் போகிறேன்.