சயானில் இறங்காத திங்கட்கிழமை

ஏன், உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? ஒரு கிழவி இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்காமல் போனால் அது ஒரு செய்தியா? தாராவியில் அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள், சரி. நீங்களும் போன் போட்டு, "ஆச்சி, சயான்ல எறங்க வேண்டியவங்க பைக்குலாவுல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் எப்படி? யார் போட்டுக் கொடுத்தது?

சரி... கேட்டுத் தொலையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலியில் என் மகள் வீட்டில் இருப்பேன். திங்கள் காலை ஸ்லோ லோக்கலில் திரும்புவேன். எப்போதும் அதே வண்டி, அதே லேடீஸ் பெட்டி. கல்யாணில் ஏறுகிற பத்மா எனக்கு ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு வைத்திருப்பாள். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. வழியெல்லாம் அவள் பீன்ஸ் நறுக்குவாள், நான் நார் உரித்துக் கொடுப்பேன். பெட்டியில் பாதிப் பேருக்கு அவள்தான் தலைவி. நல்லவள். அதுதான் சிக்கலே — கெட்டவளாக இருந்தால் சண்டை போடுவது எவ்வளவு சுலபம்!

லோக்கலில் ஒரு சட்டம் உண்டு. மும்பைக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏறியதும் உட்கார்ந்திருப்பவளிடம் "எங்கே இறங்குவே?" என்று கேட்க வேண்டும். முதலில் யார் கேட்டாளோ, அவளுக்குத்தான் அந்த சீட். 'நம்பர் போடுவது' என்பார்கள். ரசீது கிடையாது. வாய் வார்த்தைதான். ஆனால் கோர்ட்டில் செய்கிற சத்தியத்தைவிட அது கெட்டி.

தாணேயில் ஒரு பெண் ஏறுவாள். பியூட்டி பார்லர் யூனிஃபாரம். முகத்தைப் பார்த்தால் வடகிழக்குப் பக்கம். அவள் கேட்டால் மட்டும் யாருக்கும் காது கேட்காது. ஒருத்தி போனைப் பார்ப்பாள். ஒருத்தி "மோமோ" என்பாள். இன்னொருத்தி, "சைனா லோக்கல் வேற பிளாட்பாரம்" என்பாள். உடனே ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். நான் பம்பாய்க்கு வந்த புதிதில், இதே லைனில் "காலா மதராசி" என்று என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. ஆள் மாறியிருக்கிறது, சத்தம் மாறவில்லை.

அன்றைக்கு அந்தப் பெண் நொண்டிக்கொண்டே ஏறினாள். கணுக்காலில் பெரிய கட்டு. பார்லரில் நாள் முழுக்க நிற்க வேண்டும், இங்கேயாவது உட்கார வேண்டாமா? வரிசையாகக் கேட்டாள். எல்லோரும் செவிடு. கடைசியில் என்னிடம் வந்தாள்.

"ஆண்டி, ஆப் கஹாங் உத்ரேங்கே?"

"சயான். மேரா சீட் தேரா," என்றேன். என் சீட் உனக்குத்தான் என்று அர்த்தம். என் இந்தி அவ்வளவுதான். மூன்றாம் கிளாஸோடு நின்றவளுக்கு அதுவே அதிகம்.

பத்மாவின் கத்தி நின்றது. "ஆச்சி, உங்க சீட்டு சுனந்தாவுக்கு. குர்லால ஏறுவா."

"அவ எங்கிட்ட கேக்கலியே."

"நான் சொல்றேனே!"

"நீ என்ன டிக்கெட் செக்கரா?"

"அதில்ல ஆச்சி... அவங்கள்லாம் மலை ஏறி எறங்கியே பழகினவங்க. நின்னா ஒண்ணும் ஆகாது."

"எங்க ஊரு பனையேறிப் பழகுன ஊருளா. அப்ப நான் அந்த ஃபேன்ல தொங்கிட்டு வரட்டா?"

பக்கத்தில் இருந்த தமிழ்க்காரிகள் சிரித்தார்கள். பத்மா மட்டும் சிரிக்கவில்லை.

குர்லாவில் சுனந்தா ஏறினாள். அடுத்தது சயான். நான் எழுந்து அந்தப் பெண்ணை வரச்சொல்லிக் கை காட்டுவதற்குள், சீட்டில் தொப்பென்று ஒரு பை விழுந்தது. சுனந்தாவின் பை.

நான் என்ன செய்தேன்?  பையின் மேலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஏதோ நொறுங்கியது.

"ஆஜீ! மாஜே பாபட்!" என்று அலறினாள் சுனந்தா. அப்பளக் கட்டாம். பாவம்.

"சயான் ஆலா, ஆஜி! எறங்குங்க!" என்று நாலு பாஷையில் கத்தினார்கள். சயான் வந்தது... போனது.

"ஆச்சி, என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றாள் பத்மா.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். கேட்டவ உக்காரணும். இல்லன்னா நான் கடைசி ஸ்டேஷன் வி.டி. வரைக்கும் வாரேன், அப்படியே டோம்பிவிலிக்குத் திரும்புதேன். எனக்கென்ன ஆபீஸா, மஸ்டர்ல கையெழுத்தா?"

அந்தப் பெண் பயந்துவிட்டாள். "ஆண்டி, ஜானே தோ நா..." விட்டுவிடச் சொல்கிறாள். "நீ சும்மா நில்லு. இல்ல, நிக்காத... உக்காரப் போற," என்றேன்.

தாதரில் கூட்டம் நெருக்கியது. அப்போது, நின்றுகொண்டிருந்த ஒரு மராத்திக்காரி குரல் கொடுத்தாள்: "ஆஜி சொல்றது சரிதான். இவ நம்பர் செல்லாதுன்னா, நாளைக்கு என் நம்பரும் செல்லாது!" நின்றவர்கள் எல்லாம் "பரோபர், பரோபர்" என்று ஆமோதித்தார்கள்.

நியாயத்துக்காகப் பேசினார்கள் என்று நினைக்காதீர்கள். அவரவர் சீட்டுக்காகப் பேசினார்கள். அதனால் என்ன? பேசினார்களா, இல்லையா? மைக், மெழுகுவத்தி, ஊர்வலம் — அதெல்லாம் முட்டி நன்றாக இருப்பவர்கள் செய்யட்டும். எனக்கு உட்காரத் தெரியும். அதைச் செய்தேன்.

பரேல் தாண்டியது. பத்மா தலையைத் தூக்காமலே, "சுனந்தா, பையை எடு," என்றாள். நான் எழுந்தேன். அந்தப் பெண் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட காலை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள்... அந்த மூச்சுக்கே அடுத்த வண்டி பிடித்துத் திரும்பலாம்.

பைக்குலாவில் இறங்கினேன். பத்மா என்னைப் பார்க்கவே இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன — அதுதான் வாரம் முழுக்க உறுத்தியது. இனி ஜன்னலோரம் போச்சு, பீன்ஸ் போச்சு, சிநேகிதியும் போச்சு.

இந்தத் திங்கள் டோம்பிவிலியில் ஏறினேன். ஜன்னலோரம் கைக்குட்டை கிடந்தது! பத்மா பீன்ஸை என் மடியில் கொட்டினாள். நான் சுனந்தாவுக்காக மகள் வீட்டு அப்பளம் ஒரு கட்டு எடுத்து வந்திருந்தேன், அதைக் கொடுத்துவிடச் சொன்னேன்.

தாணே வந்தது. அந்தப் பெண் ஏறினாள். காலில் கட்டு இல்லை. யாரும் மோமோ என்று சொல்லவில்லை. பத்மா நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்: "கஹாங் உத்ரேகி?"

"வி.டி."

"சர்கோ, சர்கோ," என்று வரிசையை இடித்து நகர்த்தி, மூன்று பேர் உட்காருகிற பெஞ்சின் ஓரத்தில் நாலாவது சீட் உண்டாக்கினாள். மன்னிப்புக் கேட்டாளா? இல்லை. லோக்கலில் அதெல்லாம் கிடையாது. நகர்ந்து உட்காருவதுதான். கொஞ்ச நேரத்தில் பீன்ஸ் அந்தப் பெண்ணின் மடிக்கும் போனது. நார் எடுக்கத் தெரியவில்லை அவளுக்கு. பத்மா திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு பாத்திமா, இரண்டு வாரக் கதையையும் ஒரே மூச்சில் வாங்கிவிட்டாள். கூடவே நாலு பேர் வாசலில் கூடிவிட்டார்கள்.

"யாருக்கா அந்தப் பிள்ள? எந்த ஊரு, என்ன சாதி, என்ன கூட்டம்?"

"அதெல்லாம் யாரு கேட்டா? வி.டி.யில எறங்குற பிள்ள," என்றேன்.