வாசிக்காமல் போட்ட கையெழுத்து

கனடாவில் மண்ணைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்கிறார்கள். அரிசி மூட்டைபோல அடுக்கி, விலைச்சீட்டும் ஒட்டியிருக்கும். பின்வாசல் பள்ளத்தை நிரப்பப் போன வாரம் வாங்கப் போனேன். எவ்வளவு ஆழம் என்று கடைக்காரப் பெண் கேட்டாள். யோசிக்காமல் ஐந்தடி என்றேன். நீச்சல்குளத்தையா மூடப்போகிறாய் என்று சிரித்தாள். என் வீட்டில் இருந்தது ஒரு சாண் பள்ளம்தான். ஐந்தடிப் பள்ளம் தாமிரபரணிக் கால்வாய்க் கரையில், அப்பாவின் வயலில் கிடக்கிறது.

அப்பா சூசை எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி. வயலில் இறங்குமுன் ஈரமண்ணைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வார். பிசானப் பருவ நெல் அறுவடையின் முதல் கதிர்க்கட்டை அவரும் சித்தப்பா லூர்துவும் சேர்ந்தே சுமந்துபோய்க் கோவில் பீடத்தின் முன் வைப்பார்கள். இருவர் வயலுக்கும் நடுவில் வரப்புகூடக் கிடையாது. ஒரே உழவு, ஒரே களம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கனடாவுக்குப் புறப்பட்டபோது அப்பா தன் பங்கை என் பெயருக்கு எழுதிவைத்தார். "எங்கன போனாலும் காலு ஊன ஒரு இடம் வேணும்லா" என்றார்.

மூன்றாம் ஆண்டு சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்தது, கூடவே நான்கு தாள்கள். கால்வாயில் தண்ணீர் சரியாக வரவில்லை, மனு கொடுக்கப் போகிறோம், கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று எழுதியிருந்தார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். பனியில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் நின்றபடியே போட்டேன். முதல் பக்கத்தைக்கூட வாசிக்கவில்லை.

அந்தக் கோடையில் சாத்தான்குளத்தில் உறவுக்காரர் கல்யாணம். "காலு வலிக்கி, நீங்க போயிட்டு வாங்கண்ணே" என்று சித்தப்பா தங்கிவிட்டார். நான்கு நாள் கழித்து அப்பா திரும்பியபோது, செங்கல் சூளை லாரிகள் அவர் பங்கு மண்ணை ஐந்தடிக்கு அள்ளிப் போயிருந்தன. சித்தப்பாவின் பக்கம் அப்படியே இருந்தது. அன்றுதான் முதன்முதலாக இரண்டு வயலுக்கும் எல்லை தெரிந்தது.

"ஏம்லே இப்படிச் செஞ்ச?"

"எங்கிட்ட ஏன் கேக்கிய? மண்ணை அள்ளச் சொல்லி ஒங்க மவன்தான் கையெழுத்துப் போட்டிருக்கான்."

அப்பா வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறிப்போய், டெலிபோன் பூத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"போட்டியாலே?"

"போட்டேம்ப்பா, ஆனா..."

போனை வைத்துவிட்டார்.

சித்தப்பா என்னை ஏமாற்றினார் என்று சொல்லிச் சொல்லி ஆறப் பார்த்தேன். அப்பாவுக்கோ ஏமாற்றியவர்கள் இரண்டு பேர்.

இரண்டு ஆண்டு கழித்து ஊருக்குப் போனேன். அப்பா வேறொருவர் வயலைக் குத்தகைக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தார். அந்த ஆண்டு கதிர்க்கட்டைத் தனியாகவே சுமந்தாராம்.

"வாசிக்காம போட்டுட்டேம்ப்பா" என்றேன்.

"நான் படிக்காதவன். கைநாட்டு வைக்கதுக்கு முன்ன நாலு பேரை வாசிக்கச் சொல்லிக் கேப்பேன். நீ படிச்சவன்லா" என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, ஊர்க் குடும்பங்களின் பெயர்களைப் பதிந்துவைக்கும் கோவில் குடும்பப் புத்தகத்தைப் புதுப்பிக்க, பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வந்தார். அப்பா பெயர், அம்மா பெயர் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மவன் பேரை இங்கன எழுதட்டுமா?"

அப்பா சொன்னார்: "எழுதும் வே. பென்சில்ல எழுதும்."

உபதேசியாரிடம் பேனா மட்டுமே இருந்தது. அப்பாவே எழுந்து, பக்கத்து வீட்டில் பென்சில் கேட்கப் போனார்.