பச்சைச் சட்டையும் நேர வரம்பும்

ஜூலை ஆறாம் தேதி, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கிரிவலப் பாதையில், எங்கள் ஊரான அடி அண்ணாமலையைத் தாண்டியதும் வரும் நேர்சாலையில் அது தொடங்கியது. நான் ஸ்கூட்டரில் முன்னால் சென்றுகொண்டிருந்தேன். அண்ணன் முரளி பந்தய சைக்கிளில் என் பின்சக்கரத்தை ஒட்டி வந்தான். எதிர்காற்றை நான் வாங்கிக்கொள்வேன். அந்த மறைவில் அவன் வலுவைச் சேமிப்பான். சாலையின் கடைசிப் பகுதியில் வலப்புறமாக வெளிப்பட்டு என்னை முந்துவான். தொழில்முறைப் பந்தயங்களில், கடைசித் தூரத்தைப் பாய்ந்து கடக்கும் விரைவோட்டக்காரனுக்காக அவன் அணியினர் செய்யும் வேலை இது. அவனுக்கு அணி இல்லை, நான் இருந்தேன்.

அன்று அவன் வெளிப்படவில்லை. பக்கக் கண்ணாடியில் அவன் சிறிதாகிக்கொண்டே போனான். திரும்பிச் சென்றேன்.

"கியர் மாத்த வரல பாப்பா. வலது கை புடிக்கவே மாட்டேங்குது. ஹேண்டில்பார் டேப்பு தேஞ்சிருக்கும்."

ஹேண்டில்பாரை நெடுநேரம் அழுத்திப் பிடிப்பவர்களுக்கு உள்ளங்கை நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போவதுண்டு. சைக்கிள் ஓட்டுபவர்கள் அனைவரும் அறிந்த உபாதை. ஆகவே கைப்பிடியில் சுற்றிய டேப்பை மாற்றினோம். கைப்பிடியை உயர்த்தினோம். மெத்தை வைத்த கையுறைகள் வாங்கினோம். கெண்டைக்கால் தசை தானாகத் துடித்தபோது அவன் அதைப் பெருமையுடன் காட்டினான். "பாரு, நான் சும்மா உக்காந்தாலும் இது ஓட்டிக்கினே இருக்குது."

தை மாதத்தில் சட்டைப் பொத்தானும் போட முடியாமல் போனபின் வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சென்றோம். நரம்பியல் மருத்துவர் அவன் விரல் நுனியில் ஊசியால் தொட்டார்.

"குத்தறது தெரியுதா?"

"நல்லாவே தெரியுது சார்."

அவர் முகம் மாறியது. மரத்துப்போவது வேறு, வலுவிழப்பது வேறு; கைப்பிடியால் வந்த உபாதை என்றால் குத்துவது மங்கியிருக்கும். இதைப் படிப்பவர் இந்த வேறுபாட்டை மட்டுமாவது நினைவில் கொள்ளவேண்டும். மின்தசைப் பரிசோதனை (தசைக்குள் ஊசி செலுத்தி அதன் மின்னசைவைப் பதிவுசெய்வது) முடிந்ததும் பெயர் சொன்னார்: இயக்க நரம்பணு நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழிவது). குணப்படுத்தும் மருந்து இல்லை.

"ஆரம்பத்துலயே கூட்டியாந்திருந்தா?" என்று அம்மா கேட்டார்.

"அப்பவும் இதையேதாம்மா சொல்லியிருப்பேன்."

அடுத்த ஜூலையில் அவன் சக்கர நாற்காலியிலேயே இருந்தான். பேச்சு குழறியது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. இரைப்பைக் குழாய் (வயிற்றில் சிறு துளையிட்டு உணவை நேரே செலுத்துவது) வைக்கலாம் என்றார் மருத்துவர். "மூச்சு நல்லாருக்கும்போதே வெச்சிடணும். தள்ளிப்போடாதீங்க."

"பிரான்ஸ் ரேஸு மூணு வாரம் சார். அது முடியட்டும்," என்றான் அண்ணன்.

நாங்கள் இருவரும் ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் பார்க்கும் சைக்கிள் பந்தயம் அது. அன்றன்றைய முடிவுக்கோட்டிலும், வழியில் வரையப்பட்ட இடைக்கோட்டிலும் முந்தி வருபவர்களுக்குப் புள்ளிகள் உண்டு. மொத்தத்தில் அதிகம் சேர்த்தவருக்குப் பச்சைச் சட்டை. அண்ணனுடைய வீரன் முடிவுக்கோட்டில் வெல்பவன். என்னுடையவன் அங்கே தோற்று, இடைக்கோடுகளில் சேர்ப்பவன்.

"உன் ஆளு பாதி வழியில சில்லறை பொறுக்கறான்."

"சேத்து வெச்சா அதுவும் பாயிண்டுதாண்ணா. பாயிண்டுல என் ஆளு உன் ஆளு முதுகுலயே ஒட்டிக்கினு வரான் பாரு."

ஆனால் மலைநாட்கள் உண்டு. விரைவோட்டக்காரர்களின் கனத்த உடல் ஏற்றத்தில் தவிக்கும். வென்றவனின் நேரத்தைக் கொண்டு அன்றைக்கு ஒரு வரம்பு கணக்கிடுவார்கள். அதைத் தாண்டி வருபவன் பந்தயத்தை விட்டே விலக்கப்படுவான். சேர்த்த புள்ளிகளும் பயனற்றுப் போகும். அதனால் பகைவர்கள் கடைசியில் ஒரே கூட்டமாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் காற்றை மறைத்துக்கொண்டு ஏறுவார்கள். கடைசி மலைநாளன்று அண்ணனுடைய வீரன் காய்ச்சலோடு அந்தக் கூட்டத்திலிருந்தும் பின்தங்கினான். திரையின் மூலையில் கடிகாரம் ஓடியது. அம்மா ஊட்டிய கஞ்சி அண்ணனின் வாயிலேயே நின்றது. சில நொடிகள் மிச்சமிருக்க அந்த வீரன் கோட்டைக் கடந்தான்.

அண்ணன் சிரித்தான், சிரிப்பு நிற்காமல் அழுகையாயிற்று. இந்நோயில் இரண்டுமே கட்டுக்குள் இருப்பதில்லை.

"வந்துட்டான் பாத்தியா. நானும் டியூப்பு வெச்சிக்கறேன். ரேஸு முடிஞ்சதும் போலாம்."

பச்சைச் சட்டையை அவன் வீரனே வென்றான். மறுநாள் வேலூரில் மூச்சளவுப் பரிசோதனை (ஒரே மூச்சில் எவ்வளவு காற்றை ஊத முடிகிறது என்று அளப்பது) செய்தார்கள். மருத்துவர் மீண்டும் ஊதச் சொன்னார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"போன தடவைக்கு இப்ப ரொம்ப கம்மியா இருக்கு. மயக்க மருந்து குடுத்தா மூச்சு திரும்பாம போயிடலாம். நான் செய்ய மாட்டேன். சுத்தமா விழுங்க முடியாம போனா, மூக்கு வழியா குழாய் விடறதப் பத்தி அப்ப பேசலாம்."

"நல்லாத்தானே சார் தூங்கறான்?" என்றார் அம்மா.

"டைம் லிமிட்டு தாண்டிட்டேன்," என்றான் அண்ணன். மருத்துவருக்கு அந்தக் குழறல் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அண்ணனின் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினேன்.

மூச்சு குறைவது வெளியே தெரிவதில்லை. அந்த மூன்று வாரங்களும் அவன் அப்படியேதான் இருந்தான். இதே நோயோடு இருப்பவர்கள், குழாய் பற்றிய முடிவைத் திருவிழாவோடும் தேர்வோடும் பந்தயத்தோடும் பிணைக்க வேண்டாம். எங்களுக்கு இதைச் சொல்ல மட்டுமே முடிகிறது.

அன்று மாலை அவனுக்கு ஒரு கிண்ணம் கூழ் ஊட்டினேன். வெளிச்சம் இருக்கும்போது தொடங்கினேன். முடிப்பதற்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கரண்டிக்கும் அவனுக்கு முன்பாக என் தொண்டை விழுங்கிற்று. அதை நிறுத்த முயன்றேன். இயலவில்லை.

மறுநாள் காலை, அவனுக்குப் புரையேறாமலிருக்கத் தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு வாங்க ஸ்கூட்டரில் டவுனுக்குக் கிளம்பினேன். நேர்சாலையில் ஆளில்லை. வண்டி அவனுடைய பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததைத் தாமதமாகத்தான் கவனித்தேன். மண்ணை உரசும் அளவுக்கு இடது ஓரத்தில் சென்றுகொண்டிருந்தேன். வலப்புறம் ஒரு சைக்கிள் முந்திச் செல்லும் அகலம் விட்டிருந்தேன். கண்ணாடியைப் பார்க்காமல், சாலை முடியும்வரை அப்படியே ஓட்டினேன்.