பெட்டிக்குப் பொறுப்பு

1969இல் விழுப்புரம் கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது, முகையூர் அமலதாஸும் நானும் ரயிலடிக்குப் பின்னால் தையல்நாயகி அக்காவின் கூரை வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தோம். அக்கா கணவரை இழந்தவர். இட்டிலி சுட்டு விற்றார். அவர் வாய்க்குப் பயந்து தெரு நாய்கூட அந்தப் பக்கம் படுக்காது.

அமலதாஸின் அம்மா அந்தோணிமேரி, கறவை மாட்டை விற்று மகனுக்குப் புத்தகம் வாங்கியவர். அவனைக் கொண்டுவந்து விட்ட அன்று தகரப் பெட்டியைக் காட்டி, "எங்க மாடு இதுக்குள்ளதான் இருக்குதுக்கா. பாத்துக்கோங்க" என்றார்.

"பொட்டிக்கு நான் பொறுப்பு" என்றார் அக்கா. அமலதாஸுக்குப் பொறுப்பு என்று சொல்லவில்லை.

பங்குனி வெயிலில் கூரை காய்ந்து சருகானதும் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. இட்டிலி வாங்க வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வெங்கடாசலத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பசங்க பொட்டிக்கு ஒரு பாலிசி போடுங்க."

"கூரை வீட்ல இருக்கிற சாமானுக்கு எந்தக் கம்பெனியும் தராதும்மா. உயிருக்கு வேணும்னா எழுதறேன்."

"உயிர வச்சிக்கினு நான் இன்னா பண்ண? பொட்டிக்குச் சொல்லுங்க."

அவர் இட்டிலியோடு போய்விட்டார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. பக்கத்து வீட்டு அடுப்புப் பொறி எங்கள் கூரையில் விழுந்தபோது நாங்கள் கல்லூரியில் இருந்தோம். தீப்பிடித்தால் பித்தளைப் பாத்திரங்களைக் கிணற்றில் போட்டுவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். எரியாது, களவு போகாது, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். அக்கா எங்கள் பெட்டிகளைக் கிணற்றில் போட்டிருந்தார்.

"புஸ்தகத்தப் போய் யாராவது கெணத்துல போடுவாங்களா? அதுக்கு எரிஞ்சே போயிருக்கலாம்!" என்று கத்தினான் அமலதாஸ். எனக்கும் எரிச்சல்தான். வாய்க்குப் பேர்போன அக்கா, பக்கத்துத் தெருவில் பாதாளக் கரண்டி இரவல் வாங்கி வந்தார்.

வேடிக்கை பார்க்க வந்த வெங்கடாசலம், "பாலிசி இருந்திருந்தாலும் பிரயோஜனமில்ல. நெருப்புல போகலியே, தண்ணியிலதானே போச்சு" என்று ஆறுதல் சொன்னார்.

பாதாளக் கரண்டியைக் கிணற்றில் விட்டுத் துழாவினோம். அவன் பெட்டி வந்தது, என் பெட்டி வந்தது, எங்கள் ஸ்டவ் வந்தது. என் சோப்புப் பெட்டிகூட வந்தது.

"உங்க பித்தளை அண்டா இருக்குமே அக்கா?" என்றேன்.

"அது உள்ள இருக்குது."

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தோம். மேலே வானம் தெரிந்தது. அண்டா கறுத்து நசுங்கிக் கிடந்தது. கல்யாணப் புடவை வைத்திருந்த மரப்பெட்டி இருந்த இடத்தில் கீல்கள் மட்டும் கிடந்தன.

"ஏங்க்கா, உங்களுத எடுக்கல?" அமலதாஸின் குரல் இறங்கிவிட்டது.

"உங்களுத எடுக்கறதுக்குள்ள கூரை வுழுந்துடுச்சி. என்னுத யாரு வந்து என்னைக் கேக்கப் போறாங்க?" என்ற அக்கா, சுவருக்குச் சுவர் கயிறு கட்டினார். "அழுதுக்கினு நிக்காத. ஜல்தி பிரிச்சி மாட்டு. பரீட்சை வருதில்ல?"

அந்த வீட்டுக்குக் கூரை இல்லாததால், சாயங்காலத்துக்குள் பாதிப் புத்தகம் காய்ந்துவிட்டது.