ஓய்வுக்கு நாற்பது நிமிடம்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்த ஒரு மாடியறையில், சுற்றுலாத் திட்டம் வகுத்துத் தரும் ஒருவரைச் சந்தித்தேன். கருஞ்சாயம் பூசிய தலை. சட்டைப் பையில் மூன்று பேனாக்கள். நடைக்குப் பச்சை, உணவுக்குச் சிவப்பு, ஓய்வுக்கு நீலம் எனக் கட்டம் கட்டமாகத் தீட்டி, மனிதர்களை நிமிடம் பிசகாமல் இளைப்பாற வைப்பவர் அவர்.

நான் கேட்டது மைசூருக்கு மூன்று நாள். என் மனைவி நெடுநாள் ஆசைப்பட்ட பயணம் அது.

“காலைல ஆறு டு ஏழு ஏரிக்கரை வாக்கிங் சார். ஏழு பத்துக்கு நெய் தோசை. மத்தியானம் மூணு டு மூணு நாப்பது ரிலாக்ஸ். அதுக்கு மேல ரிலாக்ஸ் பண்ணா மலைக்கு லேட் ஆயிடும்.”

“தூங்கிட்டேன்னா?”

“டிரைவர் ஹாரன் அடிச்சு எழுப்பிடுவாரு சார். மேடத்துக்கு முட்டி வலி கிட்டி வலி இருக்கா? படி ஏறுவாங்களா?”

“அவங்க மார்கழியில தவறிட்டாங்க. நான் மட்டும்தான் போறேன்.”

அவர் இரண்டாம் நாள் மாலையின் கட்டங்கள் அனைத்தையும் கோடு போட்டு அடித்தார். பேனாவை மூடினார்.

“இங்க ஒண்ணும் வேணாம் சார். ஏரிக்கரைல பெஞ்ச் இருக்கும், உக்காருங்க. ஹாரன் அடிக்காதன்னு டிரைவர்கிட்ட சொல்லிடறேன்.”

போய் வந்துவிட்டேன். நெய் தோசையின் ருசி நினைவில் இல்லை. அந்த மாலை, இருட்டும்வரை ஏரிக்கரையில் அமர்ந்திருந்தேன். ஹாரன் ஒலிக்கவில்லை. ஓய்வுக்கு நாற்பது நிமிடம் அளந்து தந்த மனிதர், அந்த ஒரு மாலையை மட்டும் ஏன் அளக்காமல் விட்டார் என்று இன்னும் யோசிக்கிறேன்.