மிதவைக்குள் இறங்கிய மரியநாயகம்

மெலிஞ்சிமுனை மரியநாயகத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது 2003இல். போர் நின்றிருந்த சமாதான காலம், கடலுக்குப் போகலாம் என்றிருந்தது. நெடுந்தீவுக்கு அப்பால் ஆழத்தில், விற்பதற்குக் கடலட்டை பொறுக்க இறங்கியவன், முதுகிலிருந்த சிலிண்டரில் காற்று முடிகிறதென்று பதறி ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான். வள்ளத்தில் ஏறி வெற்றிலை போட்டான், பகிடி விட்டான். கரையில் இறங்கக் காலைத் தூக்கினால் கால் வரவில்லை.

ஆழத்திலிருந்து அவசரமாக வந்ததால் இரத்தத்தில் குமிழி கட்டி முள்ளந்தண்டு பழுதாகிவிட்டது, இனி நடக்க ஏலாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். மனைவி மேரிசுகந்தி அவனைப் புரட்டிக் கழுவிவிட்டு, மீன் வெட்டும் வேலைக்குப் போய்வந்தாள். போகும்போது வீட்டிலிருந்த நைலோன் கயிறுகளையும் கத்தியையும் கையோடு கொண்டுபோவாள். ஏனென்று அவன் கேட்டதில்லை.

அடுத்த வருடம் பழைய இரும்பு மிதவை ஒன்று கரையொதுங்கியது. ஓர் ஆள் குந்தியிருக்கக்கூடிய உருண்டை. அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் மரியநாயகம் தானாகப் பேசினான்.

“அதுக்குள்ள நான் இருந்தால் தண்ணி என்னில முட்டாது. அமுக்கமெல்லாம் இரும்புக்குத்தான். பேந்தென்னத்துக்குக் கால்?”

“அத்தான், உங்களுக்கு விசர்,” என்றான் சுகந்தியின் தம்பி நிருபன். பைபர் வள்ளங்கள் திருத்துபவன், ஒட்டுவேலையும் தெரிந்தவன். ஆனாலும் செய்து கொடுத்தான். படுக்கையில் கிடந்தவன் வேறு எதற்கும் வாய் திறக்கவில்லையே.

மிதவையின் தலையை வெட்டி, திறந்து மூட ஒரு மூடி பொருத்தினார்கள். முன்னால் தடித்த கண்ணாடித் தகடு. அமிழ்வதற்கு அடியில் கல் நிரப்பிய வலை. பழைய வான் வண்டியிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டர்கள் சின்னக் காற்றாடிகளைச் சுழற்றும். அட்டையைக் கவ்வ வெளியே ஒரு குறடு. இவ்வளவும் சரிவந்தது. வெளிச்சம்தான் சரிவரவில்லை. ஆழத்தில் கலங்கல், பகலிலும் இருட்டு. கார் லைற்றைப் போத்தலில் அடைத்து இறக்கினார்கள். சூடேறிய போத்தல் குளிர்ந்த தண்ணீரில் வெடித்தது. வெடிக்காத நாளில் பற்றறியைக் குடித்துத் தீர்த்தது, மோட்டருக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது யாழ்ப்பாணக் கடைகளில் வெள்ளை எல்.ஈ.டி. பூட்டிய சீன ரோச் லைற் வரத் தொடங்கியிருந்தது. சூடில்லை, மின்சாரமும் கொஞ்சம் போதும். மரியநாயகம் ரோச்சுகளை உடைத்து அந்தப் பயறளவு பல்புகளைப் பிடுங்கித் தொடுத்தான். உப்புத் தண்ணீர் புகாமலிருக்க நிருபன் வள்ளத்துக்குப் பூசும் றெசினை வார்த்தான். றெசின் இறுகும்போது கொதித்து, பல்புகள் எல்லாம் செத்தன. மரியநாயகம் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் சுகந்தி அவனுக்கு மலமிளக்கும் மருந்தைக் கரண்டியில் வார்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நிறமில்லாத எண்ணெய். அவன் வாயைத் திறக்காமல் கரண்டியையே பார்த்தான்.

“சுகந்தி, எண்ணெயுக்கை கிடந்தால் பல்பு பழுதாகுமே? உள்ளுக்கு எண்ணெய் நிறைஞ்சிருந்தால் தண்ணி எங்கால புகும்?”

எஞ்சினுக்குப் பெற்றோல் போகும், கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய்க்குள் எல்.ஈ.டி.களைக் கோர்த்து, அந்த மருந்தெண்ணெயை நிரப்பி, இரு நுனியையும் மடக்கிக் கட்டினார்கள். கல் கட்டி ஆழத்தில் விட்டார்கள். எரிந்தபடியே திரும்பி வந்தது.

2005இல், சோளகக் காற்று தொடங்க முன்னம், அவனைத் தூக்கி மிதவைக்குள் இருத்தினார்கள். அட்டைக்கென்றுதான் சொன்னான். ஸ்பனரால் இரும்பில் தட்டிக்கொண்டிருப்பான், தட்டல் நின்றால் உள்ளே காற்று முடிந்ததென்று மிதவையைக் கயிற்றால் மேலே இழுக்க வேண்டும் என்பது பேச்சு. வள்ளத்தின் அடிப்பலகையில் காதை வைத்துச் சுகந்தி கிடந்தாள். டங், டங். பிறகு நின்றது.

“இழுடா!” என்று நிருபனைப் பார்த்துக் கத்தினாள். இருவரும் இழுத்தார்கள். கயிறு உள்ளங்கைத் தோலை உரித்தது. மூடியைத் திறந்தபோது மரியநாயகத்துக்கு நினைவிருந்தது. குறடு வெறுமையாக இருந்தது.

“ஏன் தட்டேல்லை?”

“கீழ நல்ல வெளிச்சமப்பா. மீனெல்லாம் வந்து கண்ணாடியில முட்டுது. எனக்குக் கால் இல்லாதது தெரியேல்லை. அப்பிடியே இருந்திடுவம் எண்டு நினைச்சனான்.”

சுகந்தி அவன் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அவன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடல் நடுவில் ஒப்பாரி வைத்து அழுதாள். அதன்பின் அவனை இறங்க விடவில்லை. மிதவை வீட்டு வளவில், பின்னிய தென்னோலைக் கிடுகுக்குக் கீழே கிடந்தது.

2006இல் மறுபடி சண்டை மூண்டது. வீடு வீடாக இராணுவத் தேடுதல் வரும் என்றார்கள். கடலுக்கடியில் போகும் பொருள் ஒன்று வளவில் கிடந்தால் அதற்கு என்ன விளக்கம் சொல்வது? நடக்க ஏலாதவன் அட்டை பொறுக்கச் செய்தது என்றால் யார் நம்புவார்கள்?

“கிடங்கு வெட்டிப் புதைக்க நேரமில்லை அக்கா. கடலுக்கை தாழ்த்துவம்,” என்றான் நிருபன். மீன்பிடிக்கப் போகிற சாட்டில் விடியற்காலை அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மரியநாயகமும் வருவேன் என்று அடம்பிடித்தான். சுகந்தி அவனை வள்ளத்தின் குறுக்குப் பலகையோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

“என்னை அதுக்குள்ள விடு சுகந்தி,” என்று கெஞ்சினான். “உனக்கும் ஒரு பாரம் குறையும்.”

“பாரமெண்டு நான் சொன்னனானே? எப்பவாவது சொன்னனானே?”

 அவன், லைற்றையாவது போட்டுவிடச் சொன்னான். நிருபன் முறைத்தான். சுகந்தி மறுக்கவில்லை. மூடியைத் திறந்து, தண்ணீர் புக மிதவையைச் சரித்தார்கள். வெள்ளை வெளிச்சம் பச்சையாகி, மங்கி, கலங்கலுக்குள் போயிற்று. மரியநாயகம் கட்டு இழுபட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேடுதலுக்கு வந்தவர்கள் கிடுகைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவனுக்கு முதுகில் படுக்கைப் புண் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை பூட்டிக் கிடந்த நாட்கள், மருந்து வந்தாலும் போதவில்லை. 2008 மாரியில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வாகனம் வர முன்னமே போய்விட்டான்.

“அண்டைக்கு அத்தானை மேல இழுத்தது பிழையோ அக்கா?” என்று செத்தவீட்டில் நிருபன் கேட்டான்.

“அதுக்குப் பிறகு மூண்டு வருசம் என்னோட இருந்தவர்,” என்றாள் சுகந்தி. “இன்னொருக்கா எண்டாலும் இழுப்பன்.”